பாதரசத்தைக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு வேலை கிடைக்குமா?

கல்லிடைக்குறிச்சி அம்மாவுக்கு வணக்கம்.

எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்காகத் தண்ணீரில் பாதரசம் இருக்கிறதா என்று காட்டும் சென்சார் செய்கிற உங்கள் மகளைப் பற்றிப் பேசத்தான் போன வாரம் பாளையங்கோட்டையில் என் அறைக்கு வந்தீர்கள். உட்கார்ந்ததும் நீங்கள் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "பாதரசத்தத் தெனமும் எடுக்காளாமே சார், நாளைக்குப் பிள்ள பெறவேண்டிய உடம்புல்லா?" என்றீர்கள். அன்றைக்கு வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

தெர்மாமீட்டர் உடைந்தால் உருண்டோடுமே, அந்த வெள்ளிக் குண்டுமணி இல்லை உங்கள் மகள் கையாள்வது. பாதரச உப்பைக் கரைத்த தண்ணீர். 10 மைக்ரோமோலார் (கரைசலில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு) கரைசல் 3 மில்லியில் இருக்கும் பாதரசம் சுமார் 6 மைக்ரோகிராம்தான், அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஆறு பங்கு. ஆனால் அதற்கு முன்னால் உப்பை எடை போட்டு, கெட்டியான கரைசல் தயாரிக்கிற கட்டம் ஒன்று உண்டு. பயப்படுவதென்றால் அங்கே பயப்படுங்கள். ஃபியூம் ஹூட் (நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) இருக்கிறதா என்று கேட்காதீர்கள், ஓடுகிறதா என்று கேளுங்கள். கையுறை போடுகிறாளா, மிச்சத்தை வாஷ்பேசினில் கொட்டாமல் தனிப் பாட்டிலில் சேர்க்கிறார்களா என்றும் கேளுங்கள். மூன்றுக்கும் 'ஆமாம்' வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

சரி, அவள் அப்படி என்னதான் செய்கிறாள்? நாட்டு மருந்துக் கடையில் சாதிலிங்கம் பார்த்திருப்பீர்கள். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த பொருள் அது. பாதரசத்துக்குக் கந்தகம் என்றால் உயிர், எங்கே கண்டாலும் போய் ஒட்டிக்கொள்ளும். இந்தக் குணத்தைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ரோடமின் என்ற சாயத்தின் மூலக்கூறில் கந்தகம் உள்ள ஒரு பகுதியை இணைத்து, நிறம் தெரியாதபடி பூட்டி வைக்கிறார்கள். தண்ணீரில் பாதரச அயனி இருந்தால் அது கந்தகத்தைப் பிடித்து இழுக்கும், பூட்டு திறக்கும், கரைசல் ரோஸ் நிறமாகும். புற ஊதா விளக்கில் ஒளிரவும் செய்யும்.

2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதில் கலந்திருந்தது ரோடமின்-பி, இதே சாயக் குடும்பம். மிட்டாயில் அது இருக்கிறது என்று கண்டுபிடித்தது உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் வேலை பார்க்கிற வேதியியல்காரர்கள். உங்கள் பிள்ளைக்கான வேலையும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

'மெர்குரி சென்சார்' என்ற பெயரில் யாரும் ஆள் எடுப்பதில்லை. எடுப்பது பகுப்பாய்வு தெரிந்த ஆளை. குடிநீர், உணவு, மருந்து என்று சோதனைக் கூடங்கள் பல வகை. இந்தியத் தரக் கட்டுப்பாட்டின்படி ஒரு லிட்டர் குடிநீரில் பாதரசம் 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. அதாவது ஏறத்தாழ 5 நானோமோலார் (மைக்ரோமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நானோமோலார்). தன் சென்சார் அந்த அளவு வரைக்கும் பார்க்குமா என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் நான் உட்கார்ந்தால் முதலில் அதைத்தான் கேட்பேன். இன்னொன்று, கூடங்களில் பாதரசத்தை அளப்பது கோல்டு வேப்பர் ஏ.ஏ.எஸ். அல்லது ஐ.சி.பி.-எம்.எஸ். என்ற, மிகக் குறைந்த உலோகத்தையும் அளக்கிற பெரிய கருவிகளில். ரோஸ் நிறக் குப்பியைக் காட்டி அங்கே வேலை வாங்க முடியாது. எம்.எஸ்ஸி. முடிவதற்குள் இதில் ஒன்றையாவது ஒரு மாதம் தொட்டுப் பழகட்டும். சம்பளமில்லாத பயிற்சி என்றாலும் பரவாயில்லை.

அப்புறம் பி.எச்டி. அவளுக்கு ஆசை, உங்களுக்குக் கலக்கம். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி மாணவருக்கான உதவித்தொகை) கிடைத்தால் போகட்டும், கிடைக்காவிட்டால் இப்போதைக்கு வேண்டாம். அதற்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வை எம்.எஸ்ஸி. கடைசி வருஷத்திலேயே எழுதலாம். அதில் ஜே.ஆர்.எஃப். தகுதியோடு தேறினால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. உதவித்தொகை இல்லாமலே 'சேர்ந்துவிடு, பார்த்துக்கொள்ளலாம்' என்று முன்பு ஒரு பையனுக்கு நானே சொன்னேன். நாலாவது வருஷம் பாதியில் விட்டுவிட்டு வந்தான். அந்த வீட்டு வழியாகப் போகும்போது எனக்கு இன்றைக்கும் தலை குனிந்துவிடும்.

தலைப்பிலும் கவனம் வேண்டும். பாதரச சென்சார் என்பது கூட்டம் நிறைந்த பஸ். புது மூலக்கூறு ஒன்று, கட்டுரை ஒன்று என்று ஏகப்பட்ட பேர் ஏறிவிட்டார்கள். அவற்றில் பல, அசிட்டோநைட்ரைல் மாதிரி கரைப்பான் கலந்தால்தான் வேலை செய்யும். வெறும் தண்ணீரில் மங்கிவிடும். வெள்ளி, செம்பு அயனிகளைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. அதனால் வழிகாட்டியாக வரப்போகிற பேராசிரியரிடம் அவள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "தாமிரபரணித் தண்ணியை அப்படியே எடுத்து ஊத்தினா இது வேலை செய்யுமா சார்?" அதைச் செய்து பார்க்கலாம் என்று ஆர்வமாகச் சொல்கிறவரிடம் சேரட்டும். சாயத்தை விட்டு மின்வேதியியல் வழியில் (மின்சாரத்தைக் கொண்டு அளக்கும் முறை) போக விரும்பினால் காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுகிறார்கள் என்றீர்கள். நெட் தேர்வு முடிவு வரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். அதற்குமேல் அந்த விஷயத்தில் நான் வாய் திறப்பது முறையில்லை.

சனிக்கிழமை காலையில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். புராஜெக்ட் நோட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். அப்பளக் கட்டு வேண்டாம் அம்மா, போன தடவை கொடுத்ததே இன்னும் தீரவில்லை.