கிரீன் சப்ளை செயின்னா என்ன? ஆம்பூர் ஷூவை வச்சே பாப்போம்

ஒரு பொருள் கச்சா சரக்குல இருந்து கடைக்கு வர்ற வரைக்கும் எத்தனை கை மாறுதோ, அத்தனை இடத்துலயும் தண்ணி, கெமிக்கல், கழிவைக் குறைக்கறதுதான் கிரீன் சப்ளை செயின்.

ஏன் மொத்தத்தையும் பாக்கணும்னா, ஆம்பூர்ல ஷூ தைக்கற கம்பெனி சுத்தமாத்தான் இருக்கும், பிரச்சனை அதுக்கு முன்னாடியே தோல் பதனிடற டேனரில ஆரம்பிச்சிடுது. பச்சைத் தோல் அழுகாம இருக்க உப்பு தடவித்தான் வருது, அதை அப்படியே ஊறவச்சா அவ்வளவு உப்பும் தண்ணில கரைஞ்சிடும், கரைஞ்ச உப்பைப் பிரிக்கறது செம செலவு. அதனால ஊறவைக்கறதுக்கு முன்னாடியே தோலை உதறி உப்பைத் தட்டி எடுத்துடலாம், மெஷினே வேணாம், கையாலயே பண்ணலாம். டேனரி கழிவால பாலாறு கெட்ட கதையை வேலூர்க்காரங்களுக்கு நான் சொல்லணுமா என்ன, 1996லயே சுப்ரீம் கோர்ட் மாசுபடுத்தினவங்கதான் பணம் கட்டணும்னு தீர்ப்பு சொல்லிச்சு. இப்ப வெளிநாட்டு பிராண்டுங்களும் ஷூவை மட்டும் பாக்காம, தோல் எந்த டேனரில இருந்து வருதுன்னு கேக்கறாங்க.

பிரியாணி கடைல டேபிள் பளபளன்னு இருந்தா போதுமா, கறி எங்க வாங்கினாங்க, அண்டா கழுவின தண்ணி எங்க போகுதுன்னு பாக்க வேணாமா, அந்த மாதிரிதான் இதுவும்.

இதெல்லாம் தண்டச் செலவுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல, தோல் பதனிட யூஸ் பண்ற கெமிக்கல்தான் குரோமியம், பதனிட்ட தண்ணில மிஞ்சற அதைப் பிரிச்சு திரும்ப யூஸ் பண்ணா புதுசா வாங்கற கெமிக்கலும் குறையும்.