எஃபிங்ஹாமில் ஒரு டப்பா

அன்புள்ள ஐயா,

நானும் நண்பர்களும் ஜியோகேஷ் ஆடுகிறோம். ஒருவர் சின்ன டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் தேடிப்போய் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதுவார்கள். தென்னாப்பிரிக்காவில், 1965இல் ரயில் விபத்து நடந்த டர்பன் நகரத்து எஃபிங்ஹாம் பக்கம் ஒன்று வைக்க ஆசை. இறந்தவர்களுக்கு அவமரியாதை ஆகுமா? குறிப்பு இப்படி எழுதியிருக்கிறேன்: ‘கூட்டம் நிறைந்த ரயில் தடம்புரண்டது. பலர் மாண்டனர்.’ போதுமா?

எஸ்., சாட்ஸ்வர்த், டர்பன்

தம்பி,

அவமரியாதை எல்லாம் ஒன்றும் இல்லை. விடு.

ஆனால் உன் குறிப்பைப் படித்துக் கோபம் வந்தது. எந்த ஊர் ரயில்? டர்பனுக்கு வடக்கே உள்ள குவாமாஷு ரயில். அதில் ஏன் அவ்வளவு கூட்டம்? சாட்ஸ்வர்த் பையன் நீயே இதைக் கேட்காவிட்டால் யார் கேட்பது? டர்பன் நகரத்துக் கேட்டோ மேனரில் இருந்த கறுப்பின மக்களை 1958 முதல் லாரியில் ஏற்றிக் குவாமாஷுவில் கொண்டுபோய் இறக்கினார்கள். வேலை மட்டும் டர்பனிலேயே. அப்புறம் கூட்டம் இல்லாமல் எப்படி இருக்கும்? இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு உன் தாத்தாவை அனுப்பியதும் அதே நிறவெறி அரசாங்கம்தான். குவாமாஷு என்றால் ‘மார்ஷலின் இடம்’. கரும்பு முதலாளி மார்ஷல் கேம்பெலின் பெயர். அந்தக் கரும்பை வெட்டியது யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

எங்கள் கேட்டோ மேனர் வீட்டுக்குப் பின்னால் ஒரு கோகோ இருந்தார். ஜூலுவில் கோகோ என்றால் பாட்டி. அம்மாவின் தோட்டத்துக் கீரையை வாங்கிப்போய் விற்பார். குவாமாஷுவுக்கு அனுப்பிய பிறகும் சனிக்கிழமைதோறும் ரயிலும் பஸ்ஸும் மாறி வந்துவிடுவார். விபத்து நடந்தது அக்டோபர் 4, திங்கட்கிழமை. அந்தச் சனி அவர் வரவில்லை. அடுத்த சனியும் வரவில்லை. அம்மாவுக்கு அவருடைய பெயர்கூடத் தெரியாது, கோகோ என்றுதான் கூப்பிடுவாள். யாரிடம் போய் என்ன சொல்லி விசாரிப்பது? “வேறு பக்கம் கீரை கிடைத்திருக்கும்” என்றார் அப்பா. அம்மா பதில் பேசவில்லை. அந்த வருஷக் கடைசிவரை சனிக்கிழமைகளில் இரண்டு கட்டுக் கீரையைத் தனியாக எடுத்துவைத்தாள். இருட்டியதும் அதையே எங்களுக்குப் பொரியல் செய்தாள். எனக்கு அப்போது ஏழு வயது. பொரியல் தினமும் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

சரி, டப்பா. தண்டவாளத்துப் பக்கமே போகாதே, தள்ளி வை. குறிப்பின் முதல் வரியில் குவாமாஷு வரட்டும், இரண்டாவது வரியில் கேட்டோ மேனர். தாளைப் பிளாஸ்டிக் உறையில் போடு. டர்பன் மழைக்கு எழுதிய பெயர் ஒன்றும் தங்காது.