மனக்காயத்துக்கான சிகிச்சையில் பக்தி இசை உதவுமா?

இறைநம்பிக்கையோடு இணைந்த மனநல ஆலோசனையில் பாடல், மந்திரம், மணியோசை போன்றவற்றைச் சேர்க்கலாமா, சேர்ப்பதென்றால் எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் எந்தப் பாட்டு நல்லது என்று தேடுவதற்கு முன், எந்த ஒலி பாதிக்கப்பட்டவருக்கு ஆகாது என்று விசாரியுங்கள். ஆலோசகர்கள் நடத்தும் குழு அமர்வுகளில் பாடவைக்கும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

எதிர்பாராத சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுவது, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறின் அறிகுறிகளில் ஒன்று. நம்பிக்கை சார்ந்த இடங்களில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். வழிபாட்டுத் தலத்திலேயே, பக்திமான் என்று பெயரெடுத்த ஒருவராலேயே காயப்பட்டவருக்கு, நம்மை உருகவைக்கும் அதே பாட்டு ஆபத்தின் அறிவிப்பாக ஒலிக்கும். ஓர் அமர்வில், அதுவரை இயல்பாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, ஆர்மோனியத்தின் துருத்தி காற்றை இழுத்த மெல்லிய இரைச்சலிலேயே விறைத்துப்போனார். இன்னும் ஒரு சுரம்கூட எழவில்லை. தோள்கள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. பெட்டியை மூடி அறைக்கு வெளியே வைத்துவிட்டு, வெறும் குரலில் பாடினோம்.

ஒலிப்பதிவைப் போடுவதாக இருந்தால், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் பாதிக்கப்பட்டவர் கையில்தான் இருக்க வேண்டும். பதற்றம் ஏறும் நேரத்தில் பலருக்கு வாய் எழாது. ஆகவே கையைத் தூக்கினால் பாட்டு அப்படியே நிற்கும் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். சரணம் முடியட்டும் என்று இழுக்கக் கூடாது. (பாடுகிறவர்களுக்கு இதுதான் மிகக் கடினம். பாதியில் விட்ட பல்லவி அன்று முழுக்க மண்டைக்குள் ஓடும்.)

கேட்பதைவிடத் தாமே பாடுவதற்கு, ஏன், வாயைத் திறக்காமல் முனகுவதற்குக்கூட, நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைவது உடலின் இயல்பு. ஒரு வரியை நீட்டிப் பாடும்போது வெளிமூச்சு தானாகவே நீள்கிறது. லத்தீன் மொழி ஜெபமாலையும் ஒரு யோக மந்திரமும் சுவாசத்தை நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆகக் குறைத்தன என்று 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வெளியானது. சும்மா இருக்கும்போது நமது சுவாசம் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும். அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் ஆரோக்கியமானவர்கள். மனக்காயம் ஆறியது என்று அது சொல்லவில்லை. ஆனாலும் திக்ர் (இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் இஸ்லாமிய வழிபாடு), ஓங்காரம், ஜெபமாலை என்று எந்த மரபில் வந்தவருக்கும் மூச்சை நீட்டும் ஒரு வழி கைவசம் இருக்கிறது. புதிதாக எதையும் கற்றுத்தரத் தேவையில்லை.

எனக்கு ஒப்பாத ஒரு பழக்கம், வந்தவுடனே துதிப்பாடலில் இறங்குவது. 1940களிலேயே இசை சிகிச்சையில் ஒரு கொள்கை வந்துவிட்டது: நோயாளியின் அப்போதைய மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கி, மெல்ல மெல்லத் திசைமாற்ற வேண்டும். அழுகிறவரிடம் ஆனந்தப் பாட்டைக் கொடுத்தால் அவர் தனியாகிப்போவார். பக்தி மரபில் முறையீட்டுக்கா பஞ்சம்? சூலை நோயில், அதாவது கடும் வயிற்றுவலியில், துடித்த அப்பர் முதலில் பாடிய பதிகமே 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்', எமனாக வந்த இந்த நோயை விலக்காமல் இருக்கிறீரே, என்று சிவனிடம் வைத்த முறையீடுதான். பைபிளின் 88ஆம் சங்கீதம் கடைசி வரிவரை இருளிலேயே நிற்கிறது. இவற்றைப் பாட விடுங்கள். அதே அப்பரை நீற்றறையில் (சுண்ணாம்புக் காளவாயில்) அடைத்தபோது பாடியதாக மரபு சொல்லும் 'மாசில் வீணையும்' பாட்டைப் பாருங்கள். வீணை, மாலை நிலவு, வீசும் தென்றல், வண்டு மொய்க்கும் பொய்கை என்று காதும் கண்ணும் தோலும் உணரக்கூடியவையாக அடுக்கிக்கொண்டே போகிறார். பதற்றத்தில் இருப்பவரிடம் 'இப்போது என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது, சொல்லுங்கள்' என்று ஆலோசகர்கள் செய்யவைக்கும் பயிற்சிக்கு இது வெகு அருகில் இருக்கிறது. பாட்டு முடிந்ததும் கண்ணை மூடி மௌனமாக இருக்கச் சொல்லாமல், இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். ஆரம்ப நாட்களில் மௌனம் பழைய காட்சிகளுக்குக் கதவைத் திறந்துவிடும்.

பலன் ஒரே மாதிரி இருக்காது. தாவீது யாழ் வாசித்தபோது, மனம் கலங்கியிருந்த அரசன் சவுலுக்கு ஆறுதல் கிடைத்தது என்று பைபிள் சொல்கிறது. பிறகொரு நாள் அதே யாழ் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே சவுல் தாவீதின் மேல் ஈட்டியை வீசினான் என்றும் சொல்கிறது.

528 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலி குணமாக்கும் என்பது போன்ற காணொளிகளுக்குப் பின்னால் உருப்படியான மருத்துவச் சான்று எதுவும் இல்லை. பிடித்திருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், காசு கொடுக்காதீர்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும் (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சு சிகிச்சை), இ.எம்.டி.ஆர். முறையும் (பழைய நினைவை மனதில் வைத்தபடி கண்களை இடம்வலமாக அசைக்கவைக்கும் சிகிச்சை). இசை இவற்றுக்குத் துணையாக வரலாம். பாட்டே போதும், மருந்தை நிறுத்து என்று சொல்லும் குழுவாக இருந்தால், பாதிப் பாட்டிலேயே எழுந்து வந்துவிடுங்கள்.