வாசகர் கேள்வி: ‘யா’ என்றால் முடிந்துவிட்டதா, முடியப்போகிறதா?

கேள்வி: மென்பொருள் நிறுவனமொன்றில் மெக்சிகோ வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொள்ளும் நான், அதற்காகவே ஸ்பானிய மொழி கற்று வருகிறேன். ‘யா’ என்னும் சொல்லுக்கு அகராதியில் ‘ஏற்கெனவே’ என்று பொருள் போட்டிருக்கிறது. கோப்பு ஒன்றைக் கேட்டபோது அவர்களில் ஒருவர் ‘யா லோ என்வீயோ’ என்றார். அனுப்பிவிட்டார் என்று எண்ணி இரவு வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தேன். இச்சொல்லை எப்படித்தான் புரிந்துகொள்வது?
- வாசகர், சோழிங்கநல்லூர், சென்னை

பதில்: அவர் ‘இதோ அனுப்புகிறேன்’ என்றுதான் சொல்லியிருக்கிறார். அனுப்பி முடித்திருந்தால், இறுதி அசையை அழுத்தி ‘யா லோ என்வியே’ என்றிருப்பார். லத்தீன் மொழியின் ‘யாம்’ என்பதிலிருந்து வந்த இச்சொல், இதுவரை இருந்த நிலை மாறிவிட்டது அல்லது மாறப்போகிறது என்பதை மட்டுமே உணர்த்துகிறது. காலத்தைச் சொல்லும் பொறுப்பு உடன்வரும் வினையினுடையது. ஆகவே இறந்தகால வினையோடு வந்தால் நம்முடைய ‘ஆயிற்று’. நிகழ்காலத்தோடு வந்தால் பெரும்பாலும் ‘இதோ’. எதிர்காலத்தோடு ‘யா வெரேமோஸ்’ என்று வந்தால், பிடிகொடுக்காமல் நாம் சொல்லும் அதே ‘பார்க்கலாம்’.

கூப்பிட்டவுடன் ‘யா வொய்’ என்று குரல் வரும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது ‘போகிறேன்’ என்றாலும் பொருள் ‘இதோ வருகிறேன்’ என்பதே. நாற்காலியை விட்டு எழாமலே ‘வந்துட்டேன்’ என்று இறந்தகாலத்தில் குரல் கொடுக்கும் நாம், மெக்சிகோக்காரரைக் குறைசொல்வது நியாயமாகாது.

‘யா கொமிஸ்தே?’ என்பது நம் ‘சாப்பிட்டாச்சா?’ என்பதற்கு நேரானது. ஸ்பெயினில் இதையே ‘யா ஆஸ் கொமீதோ?’ என்று கேட்பார்கள். கற்பவர்கள் அதிகம் சறுக்குவது இதற்கு மறுமொழி சொல்லும்போதுதான். ‘இன்னும் இல்லை’ என்பதற்கு ‘தோதவீயா நோ’ என்று சொல்ல வேண்டும். கேள்வியில் ‘யா’ இருக்கிறதே என்று ‘யா நோ’ என்றால், அது ‘இனி இல்லை’ என்றாகிவிடும். ‘யா நோ விவே ஆகீ’ என்றால், முன்பு இங்கே குடியிருந்தவர் இப்போது இங்கே இல்லை என்று பொருள்.

தனியாக வரும்போது தொனிதான் எல்லாம். உரக்கச் சொன்னால் ‘போதும், நிறுத்து’. அழும் குழந்தையின் முதுகைத் தடவியபடி ‘யா, யா’ என்றால் ‘சரி, சரி, ஒன்றுமில்லை’. அதையே இழுத்துச் சொன்னால், நம்பாதவர் சொல்லும் ‘ஆமாமாம்’. ‘கே’ சேர்ந்து ‘யா கே’ ஆகும்போது ‘என்பதால்’ என்று காரணம் காட்டும் இணைப்புச் சொல்லாகிவிடும். நாளை அர்ஜென்டினா வாடிக்கையாளர் எவரேனும் அமைந்தால், புவெனஸ் ஐரிஸ் பேச்சில் இச்சொல் ‘ஷா’ என்றே காதில் விழும்.