தண்ணியும் சனமும் படிக்கப் போறன் என்டு நிக்கிற புள்ளையின்ர அப்பாவுக்கு

அண்ணன், நீங்க அனுப்பின வொய்ஸ் முழுக்கக் கேட்டன். மகள் ஏ/எல்ல பயோ எடுத்து ரெண்டாவது சையும், அதாவது ரெண்டாம் தரமும், எழுதிட்டா, மெடிசினுக்கு இசட் ஸ்கோர் காணாது, நீங்க மூணாவது சை எழுதச் சொல்றீங்க, அவ தண்ணிக்கும் சனத்துக்கும் இடையில நடக்கிறதப் படிக்கப் போறன் என்டு ஒத்தக் கால்ல நிக்கிறா. அப்பிடியொரு படிப்பு இருக்கா, படிச்சா வேலை கிடைக்குமா என்டு கேட்டீங்க. இருக்கு. வேலையப் பத்தி கொஞ்சம் விரிவாச் சொல்லணும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்க படுவான்கரையில வெள்ளாமை செய்ற உங்களுக்கு இத விளங்கப்படுத்துறது லேசு. மாரியில வாவி நிரம்பி வயலுக்குள்ள தண்ணி ஏறினா, வாவி கடலோட சேர்ற முகத்துவாரத்த வெட்டுங்க என்டு நீங்க நிப்பீங்க. தோணிக்காரர் அவசரப்பட்டு வெட்டாதீங்க, வாவி வத்தி உப்பேறினா மீனும் இறாலும் இல்லாமப் போயிடும் என்டு நிப்பாங்க. மறுகா மாவட்டச் செயலகம், அதான் கச்சேரியில கூட்டம் போடுவாங்க. வெட்டினா எவ்வளவு நேரத்துல எவ்வளவு வடியும் என்டு எஞ்சினியர் கணக்குப் பார்த்துச் சொல்லிடுவார், ஆனா ஆர்ர நட்டத்த ஆர் தாங்குறது, வெள்ளம் வராத நாலஞ்சு வருசம் கழிய சனம் பள்ளத்துல வீடு கட்டுதே அதால அடுத்த வெள்ளத்துல என்ன நடக்கும், 2011 ஜனவரி வெள்ளத்த இன்னும் எத்தின வருசத்துக்கு ஞாபகம் வச்சிருப்பாங்க, இதெல்லாம் அந்தக் கணக்குல வாறதில்ல. ரெண்டையும் ஒண்டாச் சேத்துக் கணக்கெடுக்கிறதுதான் மகள் சொல்ற படிப்பு. சோசியோ ஹைட்ராலஜி என்பாங்க, தமிழ்ல சமூக நீரியல். 2012ல மூணு ஆராய்ச்சியாளர்மார் சேந்து எழுதின ஒரு கட்டுரையோடதான் இந்தப் பேர் நிலைச்சது. அதுல முதல் பேர் முருகேசு சிவபாலன், பேராதனையில எஞ்சினியரிங் படிச்சுப் போன நம்மட நாட்டு ஆள், அமெரிக்காவில இலினோய் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். கூட எழுதின ஒஸ்ட்ரியாக்காரர் குந்தர் புளோஷ்லுக்கு 2025ல ஸ்டொக்ஹோம் நீர் விருது கிடைச்சது. அதால இது பேரில்லாத படிப்பு என்டு நினைக்க வேணாம்.

அம்பாறையில இருக்கிற கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்த எடுங்க. 1949ல தொடங்கி இங்கினியாகலையில சேனநாயக்க சமுத்திரம் கட்டினாங்க, குளம் பெரிசு, வாய்க்காலும் நீளம், ஆனா இடதுகரையில மேல இருக்கிறவங்க தேவைக்கு மேல எடுக்க கடைசியில இருக்கிற தமிழ் ஆக்கள்ர வயலுக்குத் தண்ணி வந்து சேராது. 1980களின்ர தொடக்கத்துல கமத்தொழில் ஆராய்ச்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேந்து ஒரு வேலை செஞ்சாங்க. பட்டதாரிப் பொடியன் பெட்டையள எடுத்து கமக்காரர்ர ஊர்லயே தங்க விட்டாங்க. அவங்க ஒவ்வொரு சின்ன வாய்க்காலுக்கும் ஆக்களக் கூட்டி இருத்திக் கதைக்க வச்சதுல கமக்காரர் தாங்களாவே வாய்க்கால் துப்புரவாக்கி முறை போட்டுத் தண்ணி விடத் தொடங்கினாங்க, மேல இருந்த சிங்களக் கமக்காரர் கீழ இருந்த தமிழ்க் கமக்காரருக்குத் தண்ணி விட்டுக் குடுத்தாங்க, அதுவும் நாடு அப்ப இருந்த நிலைமையில. உலகம் முழுக்க நீர்ப்பாசனம் படிக்கிற ஆக்கள் இன்னும் இதப் படிக்கிறாங்க. எனக்கு இதச் சொல்லேக்க பெருமையா இருக்கும், நம்மட கிழக்கு மாகாணத்துல நடந்தது நம்மட புள்ளைகளுக்குத் தெரியாம இருக்கே என்டு கவலையும் வரும்.

ஆனா அந்தப் பட்டதாரிகளுக்கு நிரந்தர நியமனம் குடுக்கல்ல அண்ணன், அதால நிறையப் பேர் விட்டுட்டு டீச்சிங்குக்கும் வேற வேலைக்கும் போயிட்டாங்க. நீங்க பயப்படுறதும் இதுக்குத்தான், அது நியாயம். இந்தத் துறையில கனக்க வேலை புரொஜெக்டோட வரும், புரொஜெக்டோட முடியும்.

அதால நான் சொல்றது இதுதான். முதல் டிகிரி சமூக நீரியல் என்ட பேர்ல தேட வேணாம், இங்க அப்பிடி இல்ல. பயோ புள்ளைக்கு விவசாய பீடம் சரியான வாசல், வந்தாறுமூலையிலயும் இருக்கு, கிளிநொச்சியிலயும் இருக்கு, பேராதனையிலயும் இருக்கு. உள்ள போய் மண், நீர், நீர்ப்பாசனப் பக்கம் எடுக்கட்டும், கூடவே விவசாயப் பொருளியலோ, கமக்காரருக்குச் சொல்லிக் குடுக்கிற விவசாய விரிவாக்கமோ ஒண்டு. கம்பியூட்டர்ல வரைபடம் போடுற ஜிஐஎஸ்சும் புள்ளிவிபரமும் கையில இருக்கணும், சனத்தோட கதைக்கத் தெரியும் என்டது மட்டும் வேலை எடுத்துத் தராது. மறுகா மாஸ்டர்ஸ்ல இந்தப் பாடத்துக்குள்ள இறங்கலாம், பேராதனை பட்டப்பின் விவசாய நிறுவனத்துல நீர்வள முகாமைத்துவப் பக்கம் இருக்கு, ஸ்கொலர்ஷிப் கிடைச்சா நெதர்லாந்து டெல்ஃப்ட்.

இப்பிடிப் போனா விவசாயத் திணைக்களம், கமநல அபிவிருத்தி, மகாவலி, அனர்த்த முகாமைத்துவம் என்டு அரச பக்கமும் திறந்திருக்கும், பத்தரமுல்லையில சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின்ர தலைமையகமே இருக்கு. நீர்ப்பாசனத் திணைக்களத்துல எஞ்சினியர் பதவி வேணும் என்டா மட்டும் இந்த வழி சரிவராது, அதுக்கு மெட்ஸ் எடுத்து எஞ்சினியரிங் போகணும், இத மகளுக்கு இப்பவே சொல்லிடுங்க.

கெம்பஸ் தொடங்கும் வரைக்கும் சும்மா இருக்கிற காலத்துல சிங்களம் படிக்க விடுங்க. குளம் ஒரு பக்கம், கடைசி வயல் மறுபக்கம், ரெண்டு பக்கமும் கதைக்கத் தெரிஞ்ச ஆள் நம்மட பகுதியில குறைவு. அடுத்த போகத்துக்கு ஆரம்பக் கூட்டம் வைக்கேக்க உங்களோட அவவையும் கூட்டிப் போங்க, வயல் தண்ணியப் பார்க்கிற வட்டை விதானை என்ன கேக்கிறார், அதிகாரி என்ன சொல்றார், ஆர் வாயே திறக்காம இருக்கிறாங்க என்டு ஒரு கொப்பியில எழுதட்டும்.

மூணாவது சை விசயத்துல என்ர எண்ணம், அவ மனசு வைக்காம எழுத வச்சா ஒரு வருசம்தான் போகும். அவவே எழுதுறன் என்டா எழுதட்டும்.

கெம்பஸுக்குப் போடுற யூஜிசி போர்ம் இன்னும் போடல்லத்தானே? அதுல விருப்பப்படி எழுதுற படிப்புகள்ர கோட் வரிசைய உங்கட எண்ணத்துக்குப் போட்டு அனுப்பிடாதீங்க, மேல போட்டதுல தகுதி வந்தா அதத்தான் தருவாங்க, கீழ இருக்கிறதப் பார்க்க மாட்டாங்க. ரிசல்ட் ஷீட்டையும் மாவட்ட ரேங்கையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, ஞாயிறு பின்னேரம் மகளையும் கூட்டிக்கொண்டு வாங்க, அவவோட இருந்து வரிசையப் போடுவம்.