வாசகர் கேள்வி: பூட்டிய அறையில் ஒரு காதல்

கேள்வி: எங்கள் வாசிப்புக் குழுவில் இம்முறை ஒரு டார்க் ரொமான்ஸ் நாவலை, அதாவது கொடுமையும் பயமும் கலந்த காதல் கதையை, எடுத்துக்கொண்டோம். காணாமல்போன தங்கையைத் தேடிச் செல்லும் பெண்ணை நிழலுலகத் தலைவன் ஒருவன் கடத்தித் தன் மாளிகையில் அடைத்துவைக்கிறான். பிறகு இருவருக்கும் காதல். எங்களில் பாதிப் பேர் கீழே வைக்க முடியாமல் படித்தோம். மற்றவர்கள் கொதித்துப்போனார்கள். “இதை ரசிக்கிறவர்கள், வீட்டில் அடிபடும் பெண்களை ஒரு நிமிடமாவது நினைத்ததுண்டா?” என்று ஒருவர் கேட்டுவிட்டார். நாவல் மிகவும் பிடித்திருந்த தோழி அழுதுகொண்டே எழுந்து போனார். பிறகு வரவே இல்லை. யார் பக்கம் நியாயம்?

பதில்: முதலில் அந்தத் தோழிக்குத் தொலைபேசியில் பேசுங்கள். நாவலை விசாரிப்பதற்காகக் கூடிய இடத்தில் படித்தவரைக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். அடி வாங்கிய பெண்கள் இத்தகைய நாவல்களைப் படிப்பதில்லை என்று யார் சொன்னது? ஒருவர் ஏன் ஒரு கதையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார் என்பது வெளியிலிருந்து தெரிவதில்லை.

கதாநாயகிக்கு அறையைவிட்டு வெளியேற வழியில்லை. படிக்கிறவருக்கு உண்டு. பயம் கூடினால் பக்கங்களைத் தள்ளலாம், கடைசி அத்தியாயத்தை முதலில் பார்த்துக்கொள்ளலாம், புத்தகத்தையே மூடிவிடலாம். காதல் நாவல் என்றால் முடிவில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்பதும் முன்கூட்டியே தெரியும். அந்தத் தைரியத்தில்தான் பலர் இருட்டுக்குள் நுழைகிறார்கள். அப்படிப் படிப்பவர் தன் வாழ்க்கையிலும் அப்படியொருவனை விரும்புகிறார் என்று முடிவு கட்டுவது அநியாயம்.

இதனால் நாவல் தப்பித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் குறிப்பிட்ட நூலை நானும் முழுவதும் படித்தேன். முதல் பாதி அருமை. கதாநாயகி பழைய ஓவியங்களைச் செப்பனிடுகிறவள். அடைபட்ட அறையின் சுவரில் எந்தப் பூச்சு பழையது, எது புதியது என்று பார்த்தே தனக்கு முன் அங்கே யாரோ இருந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிறாளே, அந்த அத்தியாயத்தை எழுதிய கை தேர்ந்த கை. அவளுடைய பயமும் அவனிடம் ஏற்படும் ஈர்ப்பும் ஒன்றையொன்று மறைக்காமல் அருகருகே நிற்கின்றன.

அவன் அறைச் சாவியை அவளிடம் கொடுத்த பிறகுதான் நாவல் சறுக்குகிறது. அதுவரை அவள் ஓர் அத்தியாயம், அவன் ஓர் அத்தியாயம் என்று சொல்லிவந்த கதையில் அவள் பகுதிகள் சுருங்கிக்கொண்டே போகின்றன. அவனுடைய பால்ய காலத் துயரத்துக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது. தங்கை என்ன ஆனாள்? அவளைத் தேடித்தானே இவள் கிளம்பினாள்! கடைசி நூறு பக்கங்களில் தங்கையின் பெயர்கூட வருவதில்லை. அவன் மன்னிப்புக் கேட்பதும் தன் மனதுக்குள்தான்; அவள் காதில் அது விழவே இல்லை. அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கொடியவனைக் காதலிக்கும் பெண்ணை எழுதுவது எழுத்தாளரின் உரிமை. காதல் வந்ததும் அவளுடைய நினைவுகளைப் பறித்துக்கொள்வது மோசமான எழுத்து. கொதித்துப்போன உங்கள் தோழிகள் இதைச் சொல்லியிருந்தால் நான் அவர்கள் பக்கம்.

இந்தச் சண்டைக்கு வயது அதிகம். ஆங்கில நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சன் 1740-இல் வெளியிட்ட ‘பமேலா’வில், வேலைக்காரப் பெண்ணைக் கடத்திச் சிறைவைத்த எஜமானன் திருந்தி அவளையே மணக்கிறான். அடுத்து அவர் எழுதிய ‘கிளாரிஸா’ 1747-இலும் 1748-இலுமாகப் பகுதி பகுதியாக வந்தது. அதில் லவ்லேஸ் கிளாரிஸாவை ஏமாற்றி அழைத்துப்போய், மயக்க மருந்து கொடுத்துக் கெடுக்கிறான். அப்படியும் இருவரையும் சேர்த்துவைக்கும்படி வாசகர்கள் கெஞ்சினார்கள். பிராட்ஷா சீமாட்டி புனைபெயரில் கடிதம் எழுதி மன்றாடினார். ரிச்சர்ட்சன் இசையவில்லை. கிளாரிஸா அவனை மறுத்தே சாகிறாள். வாசகர்கள் லவ்லேஸிடம் காட்டிய பரிவு அவரை எவ்வளவு உறுத்தியிருந்தால், 1751 பதிப்பில் அவனுடைய கயமை இன்னும் துலங்கும்படி புதிய பகுதிகளைச் சேர்த்திருப்பார்! திருந்தும் கடத்தல்காரனை எழுதியதும் அவர்தான், திருந்தாதவனை எழுதியதும் அவர்தான். உங்கள் குழுவின் இரு அணிகளும் ஒரே எழுத்தாளருக்குள் இருந்திருக்கின்றன.

கேள்வி: என் பதினாறு வயது மகள் இத்தகைய நாவல்களை ஒளித்துவைத்துப் படிக்கிறாள். பிடுங்கிவிடலாமா?

பதில்: இவை பெரியவர்களுக்காக எழுதப்படுபவை, பல நூல்களில் முதல் பக்கத்திலேயே உள்ளடக்க எச்சரிக்கை இருக்கிறது. இந்த வயதில் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, சொல்லவும் வேண்டும். ஆனால் பிடுங்கினால் அடுத்ததை இன்னும் நன்றாக ஒளிப்பாள். அவள் கையில் இருப்பதை நீங்களும் படியுங்கள். பிறகு, “அவள் போகிறேன் என்று சொன்னபோது அவன் என்ன செய்தான்?” என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் பேசட்டும் என்று காத்திருங்கள். நாயகன் அழகாக இருப்பதற்கும் அவன் செய்வது சரியாக இருப்பதற்கும் உள்ள தூரத்தை அவளே அளந்து சொல்லக்கூடும்.

கேள்வி: குழுவில் நான் ஒருவன்தான் ஆண். இந்த நாவலைப் பற்றி நான் கருத்துச் சொல்லலாமா?

பதில்: தாராளமாக. முழுவதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: சண்டை வராத மாதிரி அடுத்து ஒரு நாவல் சொல்லுங்களேன்.

பதில்: சண்டை வரட்டும், ஆள்மீது வராமல் நூல்மீது வரட்டும். டாஃப்னி டு மாரியரின் ‘ரெபெக்கா’வை எடுங்கள். 1938-இல் வந்தது. காதல் கதையாகவே பலர் அதைக் கையில் எடுக்கிறார்கள். அதை எழுதியவரோ பொறாமையைப் பற்றிய கதையாகவே பார்த்தார். கதை சொல்லும் பெண்ணுக்குக் கடைசிவரை பெயரே இல்லை. பின்பாதியில் கணவன் அவளிடம் ஓர் உண்மையைச் சொல்கிறான். அது என்னவென்று நான் சொல்லப்போவதில்லை. அதைக் கேட்டதும் அவள் மனதில் முதலில் எழுவது என்ன, படிக்கும் உங்கள் மனதில் எழுவது என்ன என்று ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுந்து போன தோழியையும் கூப்பிடுங்கள். முதலில் அவர் தாளைப் படிக்கட்டும்.