படம் பிடித்தாயிற்று, கார்டை அழிக்கலாமா?

கேள்வி: தீபாவளி விடுமுறையில் எங்கள் தோட்டத்தில் மூன்று நாள் குறும்படம் எடுத்தோம். 14 பக்கக் கதை. கேமராவில் வினாடிக்கு 25 பிரேம், சில காட்சிகள் கைப்பேசியில், வசனம் தனி ரெக்கார்டரில், மொத்தம் 400 ஜிபி. இரவல் வாங்கிய மெமரி கார்டுகளை ஞாயிறன்று திருப்பித் தர வேண்டும். நாயகி செவ்வாயன்று ஜொகூருக்கு வேலைக்குப் போகிறார். எடிட் செய்ய உட்கார்ந்தால் மடிக்கணினி திக்கித் திக்கி ஓடுகிறது. இசையையும், காட்சிகளின் நிறத்தைச் சரிசெய்யும் கலர் வேலையையும் இப்போதே தொடங்கலாமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: எடிட்டிங்கை இன்று நிறுத்தி வையுங்கள். ஞாயிறும் செவ்வாயும்தான் இப்போது முக்கியம்.

முதலில் கார்டு. இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்கில் ஏற்றுங்கள். மூன்றாவது பிரதி இன்னொருவர் வீட்டில் இருக்கட்டும். வீடியோவை மட்டும் பொறுக்காமல் கார்டில் உள்ள கோப்புறைகளை முழுவதுமாக எடுங்கள். காட்சியின் விவரக் கோப்புகளும் அதற்குள்தான் இருக்கும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே, நகலெடுக்கும் குளோன் டூல் இருக்கிறது. அது நகலை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும், சும்மா இழுத்துப் போட்டால் அந்தச் சோதனை நடக்காது. ரெக்கார்டரின் கார்டுக்கும் இதையே செய்யுங்கள், அதைத்தான் பலரும் மறக்கிறார்கள். சாயங்கால இடிமழை நேரத்தில் நகலெடுக்க வேண்டாம். நடுவில் கரண்டு போனால், எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க் கெட்டுப்போகலாம். மூன்று பிரதியிலும் சில காட்சிகளை ஓட்டிப் பார்த்த பிறகே கார்டைக் கொடுங்கள்.

அடுத்து நாயகி. திங்கட்கிழமைக்குள் அவர் பேசிய எல்லா டேக்கையும், படத்தைப் பார்க்காமல், ஹெட்ஃபோனில் கேளுங்கள். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். தோட்டத்தில் இரண்டு தொல்லை உண்டு. லயத்து வீட்டின் தகரக் கூரையில் விழும் மழை எல்லா அதிர்வெண்ணிலும் பரவும் இரைச்சல், குரல் கெடாமல் அதை மென்பொருளால் சுத்தமாகப் பிரிப்பது கடினம். அந்த வசனங்களுக்கு டப்பிங்தான் நம்பகமான வழி. சில்வண்டுச் சத்தம் வேறு மாதிரி. 'ச', 'ஸ' ஒலிகள் இருக்கும் உயர் அதிர்வெண்ணிலேயே அதுவும் கிடப்பதால், இரைச்சலைக் குறைக்கப் போனால் பேச்சு மழுங்கிவிடும். அதைக் குறைக்காமல் அடியில் ஓட விடுவதே நல்லது. அதற்கு ரூம் டோன் வேண்டும்: அதே இடத்தில், படம் பிடித்த அதே நேரத்தில், யாரும் பேசாமல் ஒரு நிமிடம். காலைப் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்) நேரத்துச் சத்தம் அந்தி மயங்கும் காட்சிக்குப் பொருந்தாது. எடுக்காமல் விட்டிருந்தால் இன்றே போய்ப் பதிவு செய்யுங்கள்.

டப்பிங்குக்கு ஸ்டுடியோ தேவையில்லை. கண்ணாடிகளைக் கம்பளியால் மூடி, எஞ்சினையும் ஏர்கோனையும் அணைத்த கார் போதும். படப்பிடிப்பில் பயன்படுத்திய அதே மைக்கை ஏறக்குறைய அதே தூரத்தில் வையுங்கள். ஒவ்வொரு வரியையும் அவர் முதலில் கேட்டுவிட்டு உடனே பேசட்டும், மூன்று முறை.

மடிக்கணினி திக்குவது அதன் குறையல்ல. கேமரா கோப்புகள் அழுத்திச் சுருக்கப்பட்டவை, ஒவ்வொரு பிரேமையும் விரித்துக் காட்டத் திணறுகிறது. எடிட் செய்ய மட்டும் பயன்படும் இலகுவான நகல்களான புராக்சி கோப்புகளை உருவாக்குங்கள். புரோரெஸ் புராக்சி என்ற கோப்பு வகையில், 1080 அளவில், ஒரு மணி நேரத்துக்கு சுமார் 17 ஜிபி ஆகும். ரிசால்வில் புரோஜெக்ட்டைத் திறந்ததும் முதல் வேலையாக 25 பிரேம் என்று அமையுங்கள், கிளிப்களை உள்ளே கொண்டுவந்த பிறகு அதை மாற்ற விடாது. கைப்பேசியின் பிரேம் வேகம் ஏறி இறங்குவதால் வசனம் உதட்டை விட்டு விலகும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு, பிறகு ரெக்கார்டர் ஒலியை அலைவடிவம் பார்த்துப் பொருத்துங்கள். கைப்பேசியில் 30 பிரேமில் எடுத்திருந்தால் ஆறில் ஒரு பிரேம் விழும், நடந்துபோகும் காட்சிகள் லேசாகக் குதிக்கும். அவற்றைக் குறைவாகவே பயன்படுத்துங்கள்.

இசையும் கலரும் இப்போது வேண்டாம். 14 பக்கக் கதை முதல் கோர்ப்பில் 20 நிமிடம் வந்தாலும் பயப்படாமல் வெட்டுங்கள். இனி ஒரு பிரேமும் நகராது என்று நீங்களும் எடிட்டரும் முடிவு செய்வதுதான் பிக்சர் லாக். அதற்குப் பிறகு 12 பிரேம் வெட்டினாலும், அதன் பின்னால் உள்ள ஒலியெல்லாம் அரை வினாடி தள்ளிப்போகும், ஒலி அமைப்பவர் எல்லாவற்றையும் மறுபடி பொருத்த வேண்டும். லாக் ஆனதும், டைம்கோட் (ஓடும் நேரமும் பிரேம் எண்ணும்) திரையில் தெரியும் ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். முதல் பிரேமுக்கு 50 பிரேம் முன்னால் ஒரு பிரேம் நீளத்துக்கு 'பீப்' வையுங்கள். ஒலி திரும்பி வரும்போது அதை வைத்துத்தான் பொருத்துவீர்கள்.

சினிமாப் பாட்டைத் தற்காலிகமாகக்கூட வைக்காதீர்கள். காதுக்குப் பழகிவிட்டால் எடுக்க மனம் வராது. வைத்துக்கொள்ள விரும்பினாலோ, பாடலுக்கு ஓர் அனுமதி, ஒலிப்பதிவுக்குத் தனியாக இன்னோர் அனுமதி வாங்க வேண்டும். உள்ளூர் இசையமைப்பாளர் செய்து தந்தாலும், விழாக்களுக்கு அனுப்பச் சம்மதம் என்று கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.